பனங்கொட்டையை நம்பிய கரை

ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் இராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஒரு விதைப்பு நடக்கும். அதற்கு ஏரும் வேண்டாம், மாடும் வேண்டாம். வீட்டுக்குப் பின்னாலோ தோப்பின் ஓரத்திலோ மணலை மண்வெட்டியால் கொத்திப் பொலபொலவென்று ஆக்குவார்கள். அதன்மேல் பனங்கொட்டைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடுவார்கள். அதற்குப் பிறகு மழையின் பொறுப்பு. அந்தக் கொட்டைகளில் ஒன்றுகூட மரமாக வேண்டும் என்று பாத்தி போட்டவர் நினைப்பதில்லை. முதல் ஓலை மண்ணைக் கிழித்துத் தலைகாட்டுவதற்குள் அத்தனையையும் தோண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்துச் சாப்பிட வேண்டும். அதுதான் கணக்கு.

நெல் விதைப்பவர் நெல்லுக்காக விதைக்கிறார், எள் விதைப்பவர் எள்ளுக்காக விதைக்கிறார். பனங்கிழங்குப் பாத்தி போடுபவர் கையிலிருக்கும் கொட்டையையே சாப்பாடாக மாற்றுவதற்காக விதைக்கிறார். கத்தி இறங்காத ஒரு கொட்டை மூன்று, நான்கு மாதங்களில் மாவு நிறைந்த கிழங்காகிறது. அந்த வேலையை அடுப்பில்லாமல், எண்ணெயில்லாமல், மண்ணே செய்து முடிக்கிறது. சேது நாடு எனப்பட்ட இந்தக் கடற்கரை எத்தனை தலைமுறையாக இந்த வித்தையை நம்பி வாழ்ந்தது என்பதற்கு ஏடுகளில் கணக்கு குறைவு. பதநீருக்கும் கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் எழுதப்பட்ட வரலாறு பனங்கொட்டைக்கு எழுதப்படவில்லை.

வானம் பார்த்த நிலத்தின் விதைகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 820 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்கள் வெயிலுக்குச் சொந்தம். வைகை இங்கே வந்து சேரும்போது அதன் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. வெள்ளம் மிகுந்த ஆண்டில்தான் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடுகிறது. கண்மாய் நிறைந்தால் நெல் உண்டு. நிறையாத ஆண்டில் மானாவாரி விதைகள்தான் துணை.

அப்படிப்பட்ட நிலத்தில் குதிரைவாலிக்கும் சோளத்துக்கும் எள்ளுக்கும் தனி மரியாதை இருந்தது. குதிரைவாலி குறைந்த ஈரத்திலும் சீக்கிரம் விளைந்துவிடும். உமியோடு வைத்தால் நீண்ட நாள் கெடாது. தேவைப்படும்போது உரலில் இட்டுக் குத்திச் சோறாக்கலாம். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். சுண்ணாம்புச் சத்தும் அதில் தாராளமாக உண்டு. கருப்பட்டி சேர்த்து இடித்த எள்ளுருண்டையை வயதுக்கு வந்த பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் தென் மாவட்டங்களில் இருக்கிறது. இதே எள் இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நீரோடு சேர்ந்து மூதாதையருக்குப் போகிறது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களுக்கு நவதானியம் படைக்கிறார்கள். உண்ணும் விதையும் படைக்கும் விதையும் இந்தக் கரையில் வேறு வேறல்ல.

உள்ளே கமுதி, அபிராமம், பரமக்குடி பக்கம் போனால் கரிசல் மண். பருத்தி விளைந்த பூமி. பஞ்சு வணிகரிடம் போக, கொட்டையில் ஒரு பங்கு மாட்டுக்கும் ஒரு பங்கு மனிதருக்கும் நின்றது. பருத்திக்கொட்டையை முதல் நாளே ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டி, துணியில் பிழிந்து பாலெடுப்பார்கள். பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, தேங்காய்த் துருவலைத் தூவினால் பருத்திப்பால் தயார். பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற இயற்கை நஞ்சு உண்டு. சக்கையை வடிகட்டி நீக்குவதும் நெடுநேரம் கொதிக்க வைப்பதும் ருசிக்காக மட்டும் ஏற்பட்ட முறைகளாக இருக்க முடியாது. விதை தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் காவலை மீறி அதிலிருந்து சத்தை எடுப்பது எப்படி என்று சமையலறைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்டவை அவை.

ஆனால் குதிரைவாலியும் எள்ளும் பருத்தியும் அந்தந்த ஆண்டு மழையை நம்பியவை. விதைத்த பிறகு வானம் கைவிட்டால் விதையும் போய்விடும், சாப்பாடும் போய்விடும். பனை அப்படியல்ல. நூறாண்டு நிற்கும் மரம் ஓராண்டு மழைக்கு அஞ்சுவதில்லை. சாயல்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரை மணலும் உவரும் கலந்த தரையில் வேறு எந்தக் காய்மரமும் தயங்கும் இடத்தில் அது கூட்டம் கூட்டமாக நின்றது. பயிர் பொய்த்த ஆண்டிலும் பழம் உதிர்ந்தது.

பாளைக்குக் கணக்குண்டு, கொட்டைக்கு இல்லை

இந்தக் கடற்கரைக்கும் பனைக்காய்க்கும் உள்ள உறவின் பழைய சான்று புறநானூற்றின் 24ஆவது பாடலில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் மாங்குடி கிழார், அவன் வென்ற மிழலைக் கூற்றத்தையும் முத்தூற்றுக் கூற்றத்தையும் பேசுகிறார். அங்கே மக்கள் நுங்கின் நீரையும் கரும்பின் சாற்றையும் இளநீரையும் ஒன்றாய்க் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்ந்து விளையாடுகிறார்கள். அந்தக் கூற்றங்கள் இன்றைய அறந்தாங்கி, திருவாடானைப் பக்கத்துக் கடற்கரை என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பனங்காயின் உள்ளிருக்கும் நீர் இந்தக் கரையின் கொண்டாட்டமாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பனை ஏடுகளில் வரும்போதெல்லாம் பெரும்பாலும் பாளையின் சாற்றுக்காகவே வருகிறது. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்ற வரி வருகிறது. கள் இறக்குபவர் மீது விழுந்த வரி அது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1886ஆம் ஆண்டின் மதராஸ் ஆப்காரிச் சட்டம் கள்ளைக் கருவூலத்தின் பெரிய வருமானங்களில் ஒன்றாக நிறுத்தியது. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு மாற்று வழியாகப் பதநீரும் கருப்பட்டியும் முன்வைக்கப்பட்டன. காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்தை முன்னின்று நடத்திய ஜே.சி. குமரப்பா பனைவெல்லத்துக்காகத் தீவிரமாக வாதாடினார். கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. வரி, தடை, மானியம், சங்கம் என்று எல்லாமே பாளையைச் சுற்றியே நடந்தன.

கொட்டையைச் சுற்றி எதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது. பனையேறியின் தொழில் ஆணின் தொழில். அது சந்தைக்கு வந்தது, பணமானது, அதனால் அரசின் கண்ணில் பட்டது. விழுந்த பழத்தைப் பொறுக்கியதும் பாத்தி போட்டதும் கிழங்கைத் தோண்டியதும் பெண்களும் பிள்ளைகளும். அவர்கள் விளைவித்தது பெரும்பாலும் வீட்டு அடுப்போடு முடிந்தது. கூடிப்போனால் ஓலைப்பெட்டியில் சந்தைக்கோ பேருந்து நிலையத்துக்கோ போனது. ஆனால் பசி வந்த மாதங்களில் வயிற்றை நிரப்பியதில் கொட்டையின் பங்கு சாற்றின் பங்குக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

பனையின் பயன்கள் 801 என்று பட்டியலிட்ட தால விலாசம் என்ற தமிழ் நூலைப் பற்றி வில்லியம் ஃபெர்குசன் எழுதினார். அவர் 1850இல் கொழும்பில் பனையைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டவர். இன்றும் பனையைப் பற்றி எந்த மொழியில் கட்டுரை வந்தாலும் அந்த 801 தவறாமல் வந்துவிடுகிறது. எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம். அந்த 801இல் எத்தனை கொட்டைக்குள்ளிருந்து வந்தவை என்று பார்ப்பவர்கள் குறைவு.

நுங்கு முதல் கொட்டை வரை

பெண்பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் பதநீர். சீவாமல் விட்டால் காய். இரண்டும் ஒரே பாளையிலிருந்து ஒரே நேரத்தில் கிடைக்காது. ஆகவே எந்த மரத்தை ஏறுவது, எந்த மரத்தைக் காய்க்க விடுவது என்ற முடிவு ஒவ்வொரு பருவத்திலும் எடுக்கப்பட்டது. அடுத்த மழைக்காலத்தில் எத்தனை பாத்தி போட முடியும் என்பது அந்த முடிவிலேயே அடங்கியிருந்தது.

சித்திரை வெயிலில் நுங்கு வருகிறது. காயின் தலையை அருவாளால் சீவினால் பெரும்பாலும் மூன்று கண்கள் தெரியும். ஒவ்வொரு கண்ணும் ஒரு விதை. இன்னும் இறுகாத பருவத்தில் அதைக் கட்டைவிரலால் நோண்டி எடுத்து அப்படியே வாயில் போடுவது கடற்கரைப் பிள்ளைகளின் கோடை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, மிகக் குறைந்த கொழுப்பு. வெயிலில் உப்பளத்திலும் வலையிலும் வேலை செய்பவருக்கு அதைவிடப் பொருத்தமான தின்பண்டம் கிடையாது. மேலே இருக்கும் துவர்ப்பான மெல்லிய தோலோடு தின்றால்தான் வயிற்றுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நுங்கு நீரை வேர்க்குருவில் தடவிக்கொள்வார்கள். தின்று முடித்த காயின் கூட்டைக் கூந்தல் என்பார்கள்; அதில் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. அதுவும் அலுத்த பிறகு துண்டு துண்டாக நறுக்கி மாட்டுக்குப் போடுவார்கள்.

சில நாள் தாமதித்தால் நுங்கு கடுக்காயாகிவிடும். பிறகு அது வாய்க்கு உதவாது. இளம் நுங்கின் வழவழப்புக்குக் காரணமான சர்க்கரைச் சங்கிலிகள் முற்ற முற்ற இறுகி, மன்னான் என்ற கடினமான பொருளாகச் செல்சுவர்களில் படிகின்றன. மாவாகவோ எண்ணெயாகவோ சேமிக்காமல், வேறு பல விதைகளைப் போலன்றி, பனை தன் உணவை இப்படிச் சுவரிலேயே பூட்டி வைக்கிறது. பழம் கனிந்து விழும் ஆவணி, புரட்டாசியில் உள்ளேயிருக்கும் பருப்பை வெட்டினால் அருவாளின் வாய்தான் மழுங்கும்.

பழத்துக்கு வெளியே இருக்கும் செம்மஞ்சள் சதை தனி ருசி. கரோட்டின் நிறைந்தது, லேசான கசப்பும் உண்டு. நெருப்பில் சுட்டால் தெருவெல்லாம் மணக்கும். விடியுமுன் தோப்புக்குப் போய் இரவில் விழுந்த பழங்களைப் பொறுக்கி வருவது ஒரு வேலையாகவே இருந்தது. சதையைச் சுட்டோ பிசைந்தோ தின்றது போக, நார் சுற்றிய கொட்டைகள் முற்றத்தின் மூலையில் குவியும். அந்தக் குவியல்தான் மழைக்காலத்துக்கான சேமிப்பு.

பாத்திக்குள் நடப்பது

பனங்கொட்டை முளைக்கும் விதம் மற்ற விதைகளிலிருந்து வேறானது. முளை மேல்நோக்கி வராது. கொட்டையிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு முதலில் நேராகக் கீழே இறங்கும். மண்ணுக்குள் ஆழம் சென்ற பிறகுதான் அதன் நுனியில் இளஞ்செடி உருவாகும். வறண்ட நிலத்தில் மேற்பரப்பின் வெப்பத்திலிருந்தும் மாடு, ஆடுகளின் வாயிலிருந்தும் குருத்தைக் காக்கும் ஏற்பாடு இது. கீழே போன இளஞ்செடி தன் முதல் இலையுறைகளில் மாவுச் சத்தைச் சேர்த்துப் பருக்கிறது. நாம் கிழங்கு என்று சொல்வது அதைத்தான். தாவரவியல் கணக்கில் அது வேரும் அல்ல, உருளைக்கிழங்கைப் போன்ற தண்டும் அல்ல.

அதற்கான உணவு மேலே கிடக்கும் கொட்டையிலிருந்து போகிறது. முளைத்த கொட்டைக்குள் வெண்மையான பஞ்சு ஒன்று வளர்ந்து உள்ளிடத்தை நிரப்புகிறது. அது நொதிகளைச் சுரந்து, இறுகிய பருப்பைக் கரைத்து, உறிஞ்சி, கீழே அனுப்புகிறது. இந்தப் பஞ்சுதான் தவுன். கொட்டையை அருவாளால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே முளைத்த தேங்காயின் பூவைப் போல வெள்ளையாக இருக்கும். கடித்தால் மொறுமொறுப்பு, உள்ளே இனிப்பு. அருவாள் இறங்காத பருப்பு சர்க்கரையாக மாறிப் பாதி வழியில் இருக்கும் நிலை அது. கிழங்கு தோண்டும் இடத்தில் பிள்ளைகள் கூடுவது தவுனுக்காகத்தான். தவுன் எடுத்த ஓட்டை ஊமல் என்பார்கள். காயவைத்தால் அடுப்புக்கு நல்ல விறகு, கரியாக்கினால் நின்று எரியும் கனல்.

இந்த விதியைப் புரிந்துகொண்ட கைகள் பாத்தியை அதற்கேற்ப அமைத்தன. மண் கெட்டியாக இருந்தால் இறங்கும் தண்டு வளைந்து கிழங்கு சிறுத்துவிடும். அதனால் தரையை ஆழமாகக் கிளறி, அல்லது மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் கொட்டைகளை அடுக்கினார்கள். இராமேஸ்வரம் தீவின் மணலும் மண்டபம், பெரியபட்டினம் பக்கத்து மணற்பாங்கான தரையும் இதற்கென்றே வாய்த்தவை. வடகிழக்குப் பருவமழை நல்லபடியாக இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. தோண்டுவதிலும் ஒரு நேரக் கணக்கு உண்டு. சீக்கிரம் எடுத்தால் கிழங்கில் மாவு ஏறியிருக்காது. தாமதித்தால் ஓலை வெளிவந்து, சேர்த்த மாவை அதுவே தின்று, கிழங்கு நாராகிவிடும். மேலே பச்சை தெரிவதற்கு முன்னால் பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, வரிசையாக உருவி எடுப்பார்கள்.

மார்கழிக் கடைசியில் கிழங்குக் கட்டுகள் தெருவுக்கு வந்துவிடும். தைப்பொங்கலுக்குக் கரும்போடும் மஞ்சள் குலையோடும் பனங்கிழங்குக் கட்டு வாங்காத வீடு தென் மாவட்டங்களில் குறைவு. மணமாகிப் போன மகளுக்குக் கொண்டுபோகும் பொங்கல் சீரிலும் அது இருக்கும். மேல்தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, நடுவிலிருக்கும் பீலி என்ற குருத்தையும் நாரையும் நீக்கித் தின்பது எளிய முறை. மிளகும் பூண்டும் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பது இன்னொன்று. கிழங்கு வாயு என்பதால் மிளகும் பூண்டும் வேண்டும் என்பது வீட்டு வைத்தியம். அவித்து உலர்த்தி மாவாக்கிப் புட்டும் அடையும் செய்கிறார்கள். மாவுச் சத்தும் நார்ச்சத்தும் நிறைந்த, கொழுப்பு மிகக் குறைந்த உணவு. இரண்டு கிழங்கு தின்றால் வெகுநேரம் பசிக்காது என்பதை மீன்பிடிக்கப் போகிறவரும் விறகு வெட்டப் போகிறவரும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

கடலின் இரு கரைகள்

பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணமும் மன்னாரும் இதே மணல், இதே பனை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரச் சட்டங்கள் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தன. தவுனை அங்கே பூரான் என்கிறார்கள். கிழங்கைச் சேமிப்பதில் யாழ்ப்பாணத்துச் சமையல் இன்னும் ஒரு படி மேலே போனது. பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைக் கூழுக்கு எடுக்கும்போது தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். அவிக்காத பனைமாவில் கசப்பும் உடலுக்கு ஒவ்வாத பொருளும் இருப்பதைப் பின்னாளில் ஆய்வுக்கூடங்கள் கண்டன. அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே அடுப்படியில் அந்தக் கழுவல் நடந்துகொண்டிருந்தது. மீனும் நண்டும் இறாலும் போட்டுக் கொதிக்கும் ஒடியல் கூழ் இன்று யாழ்ப்பாணத்தின் அடையாள உணவு.

காய்ந்த ஒடியல் மாதக்கணக்கில் கெடாது. அதன் பெருமையே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேது சீமையின் மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடித் தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் தோணி ஏறினார்கள். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் பல குடும்பங்களை அந்தக் கடல்வழியில் தள்ளியது. ஊரில் தங்கியவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் இடையே எது வேறுபட்டாலும், இரு கரையிலும் பஞ்சத்துக்கு நின்றது பனை என்பது மாறவில்லை. புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்ற காலங்களில், முற்றத்து மூலையில் பனங்கொட்டைக் குவியல் வைத்திருந்த வீடு கொஞ்சம் தெம்பாக இருந்தது.

இலங்கை அரசு 1978இல் பனை அபிவிருத்திச் சபையை நிறுவியது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. போர் நடந்த பல பத்தாண்டுகளைத் தாண்டியும் ஒடியல், புழுக்கொடியல், பனம்பழச் சதையைக் காயவைத்த பனாட்டு ஆகியவை பொட்டலங்களாகக் கடைக்கு வந்து, புலம்பெயர்ந்த தமிழர்களைத் தேடி லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போகின்றன. சாற்றோடு நிற்காமல் கிழங்கையும் பழத்தையும் சந்தைப் பொருளாக எடுத்துக்கொண்டதன் பலன் அது. அதே 1978இல்தான் தமிழ்நாடு பனையை மாநில மரமாக அறிவித்தது. இங்கே மரியாதை மரத்துக்குக் கிடைத்தது. கிழங்கு பழையபடி பேருந்து நிலையத்துக் கூடையிலேயே இருந்தது.

சூளைக்குப் போன மரங்கள்

பனையின் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பனையேறும் தொழில் உயிரைப் பணயம் வைப்பது. பிள்ளைகளைப் படிக்கவைத்த பனையேறிகள் அவர்களை மரத்தில் ஏற்ற விரும்பவில்லை. அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற ஆளில்லாத மரம் வருமானம் தராது. வருமானம் தராத மரத்தைச் செங்கல் சூளைக்காரர் விலை பேசினார். நூறாண்டு மரம் ஒரு நாளில் சாய்ந்து லாரி ஏறியது. காலியான இடத்தில் சீமைக்கருவேலம் பரவியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல ஊர்களில் புதிய பிழைப்பானது.

உணவுப் பக்கமும் மாறியது. ரேஷன் அரிசி ஒவ்வொரு வீட்டையும் எட்டியது. 2011 ஜூன் முதல் அது இலவசமானது. பசியை விரட்டிய அந்தத் திட்டத்தைப் போற்றத்தான் வேண்டும். பஞ்ச காலத்து உணவு தேவைப்படாத காலம் வந்தது நல்லதே. ஆனால் அரிசி வந்த பாதையில் கிழங்கும் தவுனும் குதிரைவாலியும் பருத்திப்பாலும் வீட்டுச் சமையலிலிருந்து வெளியேறி, பண்டிகைக்கும் சாலையோரத்துக்கும் போய்விட்டன. தீட்டிய வெள்ளை அரிசியில் குறையும் நார்ச்சத்தைத் தேடி இன்று மருந்துக்கடையில் பொட்டலம் வாங்குகிறோம். அந்த நார்ச்சத்தோ கொட்டையாகத் தோப்பில் கிடந்து மக்குகிறது.

பழம் பொறுக்க ஏணி வேண்டாம், பனையேறி வேண்டாம். அது தானே விழுகிறது. ஏறுபவர் இல்லாமல் சாறு நின்றுபோன மரத்தில்தான் காய் அதிகம். அதாவது பனையேறும் தொழில் தேய்ந்த காலத்தில் கொட்டை பெருகியிருக்கிறது. சாறு போனதால் பனையே போய்விட்டது என்று நினைத்தது நம் பிழை. பாத்தி போடும் கைகள் இருந்திருந்தால் அந்த மரங்களில் பல சூளைக்குப் போகாமல் தப்பியிருக்கும்.

எண்ணிக்கைக்குள் வந்த விதை

2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அருகே நின்ற பனைகள் பெரும்பாலும் அசையவில்லை. அதைக் கண்ணால் கண்டவர்கள் பனங்கொட்டை சேகரித்து ஏரிக்கரைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஊன்றத் தொடங்கினார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முதன்முறையாகத் தாக்கல் செய்த வேளாண்மைக்கான தனி நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. மூன்று கோடி ரூபாய், 30 மாவட்டங்கள், 76 லட்சம் பனை விதைகள், ஒரு லட்சம் கன்றுகள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிக்கை சொன்னது. கருப்பட்டியை ரேஷன் கடைகளில் விற்கவும் முடிவானது. 2023இல் கடற்கரை மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதை நடும் பணியும் தொடங்கியது.

எத்தனையோ நூற்றாண்டு கணக்குக்கு வெளியே நின்ற கொட்டை, இப்போது லட்சத்திலும் கோடியிலும் எண்ணப்படுகிறது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். இதில் ஒரு குறை மட்டும் உண்டு. எண்ணப்படுவது ஊன்றிய கொட்டை மட்டுமே, உண்ணும் கொட்டை இன்னும் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதன் விளைவு நடைமுறையில் தெரியும். இன்று ஊன்றும் பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அது ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியவரும். அவ்வளவு காலம் கண்மாய்க் கரையில் ஆடு மேயாமல், தீ வைக்காமல், தூர்வாரும் இயந்திரம் ஏறாமல் யார் காப்பது? பனையிலிருந்து இந்த ஆண்டே ஏதாவது கிடைக்கிறவர்தான் காப்பார். ஏற்கெனவே நிற்கும் மரத்தின் கொட்டை பாத்திக்குப் போனால் நான்கு மாதத்தில் கிழங்காகி வருமானம் தருகிறது. ஊன்றலுக்கும் பாத்திக்கும் வேண்டியது ஒரே கொட்டை. இரண்டுக்கும் ஏற்ற மாதமும் புரட்டாசிதான். ஆழத்தில் இறங்கி வளரும் பனங்கன்றைப் பெயர்த்து நடுவது கடினம், அதனால் கொட்டையை அந்தந்த இடத்திலேயே ஊன்ற வேண்டும் என்பதும் பாத்தி போட்டுப் பழகியவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனைக்கென்று ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் மகளிர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. புரட்டாசியில் பழம் சேகரிப்பவர்களிடமிருந்து ஊன்றும் கொட்டைக்கு அரசு விலை கொடுக்கிறதென்றால், தையில் அவர்களின் கிழங்குக்கும் ஒரு விலையும் கொள்முதலும் இருக்க வேண்டும். அவித்து உலர்த்திய கிழங்கு மாவை அரைக்க, நாரைச் சலிக்க, பொட்டலமிட எளிய இயந்திரங்கள் போதும். கருப்பட்டிக்கு ரேஷன் கடையில் இடம் கொடுத்த அரசு, அதே தட்டில் பனங்கிழங்கு மாவுக்கும் இடம் கொடுக்கலாம். அங்கன்வாடிகளில் வாரத்தில் ஒரு நாள் அது புட்டாக வரலாம். சாயல்குடியிலும் பாம்பனிலும் தை மாதம் கூடையோடு பேருந்துக்கு ஓடும் பெண்களுக்கு இதைச் செய்யும் கைத்திறன் ஏற்கெனவே உண்டு. அவர்களின் கிழங்கை நிறுத்து வாங்க ஒரு கொள்முதல் நிலையம்தான் இன்னும் வரவில்லை.